கைக்குழந்தையின் நெஞ்சுச் சளி: பிராங்கியோலைட்டிஸ் பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் குழந்தைகள் பிரிவில் கைக்குழந்தைகளின் கூட்டம் கூடிவிடும். மூக்கு ஒழுகுகிறது, நெஞ்சில் கொர்கொர் என்கிறது, பால் குடிக்கத் தொடங்கி நடுவிலேயே விட்டுவிடுகிறது. கூட வந்திருக்கும் அம்மாவும் பாட்டியும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். என்ன மருந்து கொடுப்பது என்ற கேள்விக்கு இந்த நோயில் பதில் மிகச் சுருக்கம். எதைக் கவனிப்பது என்பதற்குத்தான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

பிராங்கியோலைட்டிஸ் என்கிறார்களே, அது சாதாரணச் சளிதானே?

தொடங்கும்போது சாதாரணச் சளிதான். மூச்சுக்குழாய் நுரையீரலுக்குள் போய்க் கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள நுண்குழல்களாக முடிகிறது. மூக்கில் இருந்த வைரஸ் அங்கே இறங்கும்போது குழலின் உட்சுவர் வீங்குகிறது. செத்து உதிர்ந்த செல்களும் சளியும் சேர்ந்து வழியை அடைத்துக்கொள்கின்றன.

இதே வைரஸ் அப்பாவுக்கு வந்தால் இரண்டு நாள் தொண்டைக் கரகரப்போடு போய்விடும். குழந்தைக்கு ஏன் இத்தனை பாடு? குழலின் அகலம் பாதியாகக் குறைந்தால் காற்றுக்கு ஏற்படும் தடை ஏறக்குறைய 16 மடங்கு கூடுகிறது. ஏற்கெனவே சிறிய குழலில் கொஞ்சம் வீங்கினாலே போதும். அதோடு, மூச்சை வெளியே விடும்போது இந்தக் குழல்கள் மேலும் சுருங்கும். உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராமல் சிக்கி, நெஞ்சு உப்பியபடி நிற்கும். நீங்கள் கேட்கும் விசில் சத்தம் அங்கிருந்துதான் வருகிறது.

எந்த வயதில் வரும்?

இரண்டு வயதுக்குள். அதிலும் முதல் வருடத்தில்தான் அதிகம். மூன்று முதல் ஆறு மாதக் குழந்தைகளை நிறையப் பார்க்கிறோம்.

குளிர்ந்த தண்ணீரில் தலைக்குக் குளித்தேன், தயிர் சாப்பிட்டேன். அதுதான் பாலில் இறங்கிக் குழந்தைக்குச் சளி பிடித்துவிட்டது என்கிறார் மாமியார். உண்மையா?

இல்லை. தாய்ப்பால் வழியாகச் சளி இறங்குவதில்லை. பிள்ளை பெற்றவள் ஒரு டம்ளர் மோர் குடித்ததற்கெல்லாம் பழி சுமக்க வேண்டியதில்லை.

வந்த வழி வேறு. பெரும்பாலும் வீட்டில் யாரோ ஒருவருக்கு ஜலதோஷம் இருந்திருக்கும். பள்ளிக்கூடம் போகும் அக்கா, பேருந்தில் போய்வரும் அப்பா, குழந்தையைப் பார்க்க வந்து கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்துவிட்டுப் போன உறவினர். இருமலில் தெறிப்பதாலும், சளி பட்ட கையாலும் வைரஸ் பரவுகிறது. கட்டில் கம்பி, பொம்மை போன்ற வழவழப்பான பரப்புகளில் அது சில மணி நேரம் உயிரோடு இருக்கும்.

அம்மாவுக்கே சளி இருந்தாலும் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முகக்கவசம் கட்டிக்கொண்டு கொடுங்கள்.

எந்த வைரஸ் இது? புதிதாக வந்ததா?

முக்கியமானது ஆர்.எஸ்.வி. எனப்படும் ரெஸ்பிரேட்டரி சின்சிஷியல் வைரஸ். ரைனோவைரஸ், மெட்டாநியூமோவைரஸ், பாராஇன்ஃப்ளூயன்ஸா ஆகியவையும் இதே நோயைக் கொடுக்கும்.

புதிது இல்லை. 1956-இல் அமெரிக்காவில் ஆய்வுக்கூடச் சிம்பன்சிகளுக்கு ஜலதோஷம் வந்தபோது முதலில் பிரித்தெடுத்தார்கள். அடுத்த ஓராண்டுக்குள் ராபர்ட் சானக்கும் அவருடைய குழுவினரும் பால்டிமோர் நகரக் குழந்தைகளிடம் அதே வைரஸைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு வயது முடிவதற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு முறையாவது இது வந்துவிடும். பெரும்பாலானோர் வீட்டிலேயே தேறிவிடுகிறார்கள். ஆனாலும் 2019-இல் மட்டும் ஐந்து வயதுக்குட்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஆர்.எஸ்.வி. தொற்றால் உலகெங்கும் இறந்தார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் பெரும்பங்கு நம்மைப் போன்ற நாடுகளில்தான். மருத்துவமனைக்கு நேரத்தில் போய்ச் சேர்வதும், அங்கே ஆக்சிஜன் இருப்பதும்தான் பல நேரங்களில் இதைத் தீர்மானிக்கின்றன.

திங்கட்கிழமை காட்டினோம், “வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார். வியாழக்கிழமை வேறு டாக்டர் உடனே அட்மிட் செய்துவிட்டார். முதல் டாக்டர் கோட்டைவிட்டாரா?

அப்படிச் சொல்ல முடியாது. இந்த நோயின் போக்கே அப்படித்தான். முதல் இரண்டு மூன்று நாள் மூக்கொழுகலும் லேசான காய்ச்சலும் இருக்கும். அப்புறம் மூச்சு வேகமெடுக்கும். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைதான் உச்சம். அதன் பிறகு மெல்ல இறங்கும். முதல் நாள் பார்க்கும்போது குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். நான்காம் நாள் அதே குழந்தை மூச்சு வாங்கும்.

அதனால் மருத்துவரிடம் போகும்போது மூக்கொழுகல் எந்தக் கிழமை ஆரம்பித்தது என்று சொல்லுங்கள். இரண்டாம் நாளில் சிரமப்படும் குழந்தைக்கு இனிமேல்தான் உச்சம் வரப்போகிறது. ஆறாம் நாளில் அதே அளவு சிரமப்படுவது இறங்குமுகமாக இருக்கலாம்.

இருமல் மட்டும் லேசில் போகாது. இரண்டு மூன்று வாரம் இழுக்கும். குழந்தை நன்றாகக் குடித்து விளையாடிக்கொண்டிருந்தால் அந்த இருமலுக்காகப் பதற வேண்டாம்.

வீட்டில் எதைப் பார்க்க வேண்டும்? கொர்கொர் சத்தம் கேட்டாலே பயமாக இருக்கிறது.

சத்தத்தைக் கேட்டுப் பயப்படாதீர்கள். மூக்கடைப்பிலிருந்து வரும் சத்தம்கூட முதுகில் கை வைத்தால் நெஞ்சுக்குள் உருள்வதுபோல் தெரியும். மூச்சையும் பாலையும் பாருங்கள்.

மூச்சுக்கு: குழந்தை அழாமல், முடிந்தால் தூங்கும்போது, சட்டையைக் கழுத்துவரை தூக்கிவிடுங்கள். வெளிச்சம் வேண்டும். கைபேசியில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு, வயிறு ஒரு முறை ஏறி இறங்குவதை ஒன்று என்று எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள். கைக்குழந்தைகள் கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் நிதானமாக மாறி மாறி மூச்சு விடும், கணக்குத் தப்பிவிடும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒரு வயதுக்கு மேல் 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேக மூச்சு.

எண்ணி முடித்த பிறகும் சட்டையை இறக்கிவிடாதீர்கள். விலா எலும்புக்குக் கீழே, எலும்புகளுக்கு நடுவே, கழுத்துக் குழியில் தோல் உள்ளே இழுக்கிறதா? மூக்குத் துவாரம் மூச்சுக்கு மூச்சு விரிகிறதா? தலை மேலும் கீழும் ஆடுகிறதா? இவையெல்லாம் குழந்தை மூச்சுக்காக உழைக்கிறது என்பதற்கான அடையாளம். சந்தேகமாக இருந்தால் அரை நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் காட்டும் நேரத்தில் குழந்தை சமர்த்தாகத் தூங்கும், வீட்டுக்கு வந்ததும் மறுபடி இழுக்கும். வீடியோ அங்கே உதவும்.

பாலுக்கு: வழக்கமாகக் குடிப்பதில் பாதிதான் குடிக்கிறதா? இரண்டு இழுப்பு இழுத்து, மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி இழுக்கிறதா? சிறுநீர் எத்தனை முறை போகிறது? 12 மணி நேரமாகத் துணி நனையவில்லை என்றால் காத்திருக்காதீர்கள்.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டியது எப்போது?

மூச்சு சில நொடிகள் நின்று நின்று வந்தால். உதடோ நாக்கோ நீலம் பாய்ந்தால். ஒவ்வொரு மூச்சு விடும்போதும் முனகினால். விலா ஆழமாக உள்ளிழுத்தால். எழுப்பினாலும் சரியாக எழாமல் துவண்டு கிடந்தால். பாலை அடியோடு மறுத்தால். இதில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்தில் இருக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். “விடியட்டும்” என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், சளி எப்படி இருந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும்.

ஒரு மாதக் குழந்தைகளிடமும் குறைமாதத்தில் பிறந்தவர்களிடமும் ஒரு தந்திரம் உண்டு. இருமலோ இழுப்போ பெரிதாக இருக்காது, திடீரென்று மூச்சு மட்டும் நின்று நின்று வரும். இவர்களைக் கொஞ்சம் சீக்கிரமாகவே கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அப்படியானால் வீட்டில் செய்யக்கூடியது என்ன?

மூக்கைத் திறந்து வைப்பதும், பால் உள்ளே போகப் பார்த்துக்கொள்வதும். கைக்குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். பால் குடிக்கும்போது வாயும் அடைத்துவிடுகிறது. மூக்கடைத்த குழந்தை பாலை விட்டுவிட்டு அழுவது பசியில்லாததால் இல்லை, மூச்சுக்காக.

மருந்துக் கடையில் சலைன் மூக்குச் சொட்டு என்று கேளுங்கள். வெறும் உப்புத் தண்ணீர்தான் இருக்க வேண்டும்; சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் கலந்த அடைப்பு நீக்கும் சொட்டு கைக்குழந்தைக்கு வேண்டாம். பால் கொடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால், குழந்தையை மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து, ஒவ்வொரு மூக்கிலும் ஓரிரு சொட்டு விடுங்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். வெளியே வரும் சளியை மெல்லிய துணியால் துடைத்தால் போதும். ரப்பர் உறிஞ்சி வைத்திருந்தால் அதை முதலில் அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு, மூக்கு நுனியில் மட்டும் வைத்து மெல்ல விடுங்கள். நாளெல்லாம் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் மூக்கின் உட்தோல் வீங்கி அடைப்பு அதிகமாகும்.

பாலைக் குறைந்த அளவில், அடிக்கடி கொடுங்கள். ஆறு மாதத்துக்குள் வெந்நீர், சீரகத் தண்ணீர் எதுவும் வேண்டாம். காய்ச்சலால் குழந்தை சிணுங்கினால் எடைக்கு ஏற்ற பாராசிட்டமால் கொடுக்கலாம்; அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆன்டிபயாட்டிக் எழுதவே இல்லையே?

நல்ல டாக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. வயிற்றுப்போக்கும் எதிர்ப்புத்திறன் பெற்ற பாக்டீரியாவும்தான் மிஞ்சும். கூடவே காதில் சீழ், சிறுநீர்த் தொற்று என்று பாக்டீரியா நோய் இருப்பது தெரிந்தால் அதற்குக் கொடுப்பார்கள்.

நெபுலைசர் வைத்தால் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொந்தமாக ஒன்று வாங்கியே வைத்திருக்கிறார்கள். நாங்களும் வாங்கலாமா?

இந்த நோய்க்காக வாங்க வேண்டாம். நெபுலைசரில் வழக்கமாகப் போடும் சால்புடமால், மூச்சுக்குழலைச் சுற்றியுள்ள தசை இறுகியிருந்தால் தளர்த்தும். ஆஸ்துமாவில் அது அருமையான மருந்து. இங்கே தசை இறுகவில்லை. குழலுக்குள் வீக்கமும் குப்பையும் அடைத்திருக்கின்றன. மருந்துக்கு அங்கே வேலை குறைவு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கமான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பிராங்கியோலைட்டிஸ் வந்த குழந்தைக்குச் சால்புடமால் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பும் அதையேதான் சொல்கிறது. மருந்து ஏறியதும் குழந்தையின் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும்; நோயின் நாட்கள் குறைவதில்லை.

பிறகு ஏன் இத்தனை இடங்களில் வைக்கிறார்கள்? எதுவும் செய்யாமல் அனுப்பினால் பெற்றோருக்கு மனசு ஆறுவதில்லை, மருத்துவருக்கும் கை சும்மா இருப்பதில்லை. என் தொழிலில் இருப்பவர்கள் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரு வயது தாண்டி, ஏற்கெனவே பலமுறை வீசிங் (விசில் சத்தத்தோடு இழுப்பு) வந்த குழந்தையாக இருந்தால் கணக்கு வேறு. அங்கே மருத்துவர் மருந்து கொடுத்துப் பார்க்க நியாயம் இருக்கிறது.

ஸ்டீராய்டு?

வேண்டாம். அமெரிக்காவில் 600 கைக்குழந்தைகளை வைத்து நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் மருத்துவமனையில் சேர்வதில் வித்தியாசம் தெரியவில்லை.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாமே?

பெரும்பாலும் தேவையில்லை. சளி அடைத்த இடம் சுருங்கி, படத்தில் வெள்ளையாகத் தெரியும். அதை நிமோனியா என்று எடுத்துக்கொண்டு, தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் ஏறுவதுதான் நடக்கும். குழந்தை மிக மோசமாக இருந்தால், அல்லது போக்கு வழக்கம்போல் இல்லாவிட்டால் எடுப்பார்கள். ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான்.

இருமலுக்காவது ஒரு சிரப்?

கூடாது. கைக்குழந்தைக்கு இருமல் சிரப் பயன் தருவதாக ஆதாரம் இல்லை. தூக்கம், மூச்சுக் குறைவு, படபடப்பு என்று கெடுதல் உண்டு. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் பல குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தது நினைவிருக்கும். அவர்கள் குடித்தது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான சிரப். அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. அந்த அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவே வேண்டாம் என்று அறிவுறுத்தியது. வீட்டு அலமாரியில் மூத்த பிள்ளைக்கு வாங்கியது மிச்சமிருந்தால் கொட்டிவிடுங்கள்.

பாட்டி வைத்தியம் செய்யலாமா?

எதைச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நெஞ்சைக் கதகதப்பாகப் போர்த்துவது, மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்வது, ராத்திரி முழுக்கத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது, இதிலெல்லாம் பாட்டிகளை மிஞ்ச ஆள் கிடையாது.

தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தடவுவதை விட்டுவிடுங்கள். கற்பூரம் தோல் வழியாகவும் மூக்கு வழியாகவும் உடம்பில் ஏறும். கைக்குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கும் நச்சு அது. கடையில் விற்கும் களிம்புகளிலும் கற்பூரம் இருக்கிறது, இரண்டு வயதுக்குள் அவையும் வேண்டாம்.

தலைக்குக் குளிப்பாட்டியதும் மூக்கில் எண்ணெய் விடுவது, வாயால் ஊதிச் சளி எடுப்பது இரண்டும் ஆபத்து. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் வெளியே வராது. அங்கேயே தங்கித் தனியாக ஒரு நிமோனியாவைக் கொடுக்கும். தொண்டைக்குள் விரல் விட்டுச் சளியை வழிப்பதும் புண்ணைத்தான் உண்டாக்கும். தேன் ஒரு வயதுக்குள் நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமியின் விதைகள் கைக்குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். வெந்நீர் ஆவி பிடிக்க வைப்பதில் சூடு பட்டுக்கொண்டு வரும் குழந்தைகள்தான் அதிகம்.

சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்தி, விறகடுப்பு, பீடி, சிகரெட், எந்தப் புகையும் வீங்கிய குழலுக்கு எதிரி. “நான் மாடியில்தான் பிடிக்கிறேன்” என்று சொல்லும் அப்பாக்களின் சட்டையிலும் விரலிலும் அது ஒட்டிக்கொண்டு கீழே வருகிறது.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வாங்கி வைத்துப் பார்க்கலாமா?

பெரியவர்களின் விரலுக்குச் செய்த கருவி குழந்தையின் விரலில் நிற்காது, எண்ணும் சரியாக வராது.

மருத்துவமனைக் கருவியின் எண்ணைக்கூட ஒரே குறியாகப் பார்த்தால் சிக்கல்தான். டொரொண்டோவில் ஓர் ஆய்வு செய்தார்கள். அவசரப் பிரிவுக்கு வந்த, லேசான அல்லது நடுத்தரமான பிராங்கியோலைட்டிஸ் உள்ள 213 குழந்தைகளில் பாதிப் பேருக்கு ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனின் உண்மையான அளவையும், மீதிப் பேருக்கு மூன்று சதவீதப் புள்ளி கூட்டிய அளவையும் கருவி காட்டியது. உண்மை எண் தெரிந்த குழுவில் 41 சதவீதம் பேர் உள்நோயாளிகளாக வைக்கப்பட்டார்கள். கூட்டிக் காட்டிய குழுவில் 25 சதவீதம். குழந்தைகள் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். திரையில் இருந்த எண்தான் மாறியது. அதற்காக ஆக்சிஜன் அளவு முக்கியமில்லை என்று அர்த்தமாகாது. 90 சதவீதத்துக்குக் கீழே நிலையாக இறங்கினால் ஆக்சிஜன் வைக்கத்தான் வேண்டும். ஆறு வாரத்துக்குட்பட்டவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் நைஸ் அமைப்பு 92 என்று எல்லை வைக்கிறது.

அட்மிட் செய்தால் என்னதான் செய்வார்கள்?

மூக்கைச் சுத்தம் செய்வார்கள். தேவைப்பட்டால் மூக்கில் சிறு குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுப்பார்கள். குடிக்க முடியாவிட்டால், மூக்கு வழியாக வயிற்றுக்குச் சன்னமான குழாய் போட்டு அம்மாவின் பாலையே பீய்ச்சி ஊற்றுவார்கள், அல்லது குளுக்கோஸ் ஏற்றுவார்கள். அந்தக் குழாயைப் பார்த்ததும் அழுதுவிடும் அம்மாக்கள் உண்டு. குழந்தைக்கு அது ஓய்வு. குடிக்கும் வேலை மிச்சமாகி, அந்தத் தெம்பு மூச்சுக்குப் போகிறது.

இன்னும் சிரமப்பட்டால் சூடும் ஈரமும் ஏற்றிய காற்றை வேகமாகச் செலுத்தும் ஹை ஃப்ளோ, அதற்கு மேல், காற்றழுத்தத்தைத் தொடர்ந்து கொடுத்துக் குழல்கள் மூடாமல் வைக்கும் சிபாப். வெண்டிலேட்டர் வரை போவது ஒரு சிலர்தான். நெஞ்சைத் தட்டிச் சளி எடுக்கும் பிசியோதெரபி வழக்கமாகத் தேவைப்படாது. மருந்தே ஏற்றாமல் ஆக்சிஜன் மட்டும் வைத்து இரண்டு மூன்று நாள் வைத்திருந்தார்களே என்று யாராவது குறைபட்டால், முறையான சிகிச்சையே அதுதான்.

யாருக்கு அதிக ஆபத்து?

குறைமாதத்தில் பிறந்தவர்கள், மூன்று மாதத்துக்குட்பட்டவர்கள், இதயத்தில் ஓட்டையோ வேறு பிறவிக் கோளாறோ உள்ளவர்கள், நாள்பட்ட நுரையீரல் நோய், டவுன் நோய்க்குறி, நரம்புத்தசை நோய், எதிர்ப்புச் சக்திக் குறைபாடு உள்ளவர்கள்.

தடுப்பூசி கிடையாதா?

இதற்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது. 1960-களில் அமெரிக்காவில் ஃபார்மலின் என்ற வேதிப்பொருளால் செயலிழக்கச் செய்த ஆர்.எஸ்.வி. வைரஸைக் குழந்தைகளுக்குத் தடுப்பூசியாகப் போட்டுப் பார்த்தார்கள். அடுத்த பருவத்தில் உண்மையான வைரஸ் தாக்கியபோது, ஊசி போட்டவர்களுக்கு நோய் இன்னும் கடுமையாக வந்தது. இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். அதோடு அந்தத் துறையே பல ஆண்டுகள் தயங்கி நின்றது. வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவும் எஃப் புரதம், நுழைவதற்கு முன் எந்த வடிவில் இருக்கிறது என்பதை 2013-இல் கண்டறிந்த பிறகுதான் கதவு திறந்தது.

இப்போது இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, கர்ப்பிணிக்குக் கடைசி மாதங்களில் போடும் தடுப்பூசி. அம்மாவின் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. ஆய்வில், பிறந்த முதல் மூன்று மாதங்களில் கடுமையான ஆர்.எஸ்.வி. நோயை அது ஏறக்குறைய 82 சதவீதம் குறைத்தது. இன்னொன்று, குழந்தைக்கே நேரடியாக எதிர்ப்புப் பொருளை ஊசியாகப் போடும் நிர்செவிமாப். ஒரே ஊசி ஐந்து மாதம்வரை காக்கும். இரண்டுக்கும் அமெரிக்கா 2023-இல் அனுமதி அளித்தது. நம் அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இவை சேரவில்லை. குறைமாதக் குழந்தையோ இதயக் கோளாறுள்ள குழந்தையோ வீட்டில் இருந்தால் மருத்துவரிடம் விசாரியுங்கள்.

ஒரு முறை வந்தால் மறுபடி வராதா? ஆஸ்துமாவாக மாறிவிடுமா?

மறுபடி வரும், பொதுவாக அடுத்த முறை லேசாக. பிராங்கியோலைட்டிஸ் வந்து மருத்துவமனையில் இருந்த குழந்தைகளில் சிலருக்கு அடுத்த சில வருடங்கள் சளி பிடிக்கும்போதெல்லாம் வீசிங் வருகிறது. பலருக்கு வளர வளரக் குறைந்துவிடும். குடும்பத்தில் ஆஸ்துமாவோ, குழந்தைக்குத் தோல் கரப்பானோ இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லி வையுங்கள்.

பத்தாவது வாரத் தடுப்பூசித் தேதி வந்துவிட்டது, இருமல் இன்னும் நிற்கவில்லை. போடலாமா?

காய்ச்சல் இல்லை, நன்றாகக் குடிக்கிறது, வெறும் இருமல் மிச்சம் என்றால் தாராளமாகப் போடலாம். அதில் இருக்கும் கக்குவான், ஹிப் (நிமோனியா கொடுக்கும் ஒரு பாக்டீரியா) பாதுகாப்பெல்லாம் அதே நுரையீரலுக்குத்தான் தேவை. பத்தாவது வாரத்தில் எவை உண்டு என்பது உங்கள் அட்டையில் இருக்கும். மருத்துவமனையில் ஆக்சிஜனோடு இருக்கும் குழந்தையாக இருந்தால் தேறி வீட்டுக்கு வந்தபின் போட்டுக்கொள்ளுங்கள். தேதி தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். அட்டையை மட்டும் மறக்காமல் கொண்டு போங்கள்.